அழாத பிள்ளைக்குப் பால்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற பழமொழியை நான் அப்படியே நம்பிவிட்டேன். பசித்தால் அழும், அழுதால் கொடுக்கலாம், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? என் மகள் அழவில்லை. பிறந்து முதல் இரண்டு வாரங்களில் அவள் அழுததை விரல்விட்டு எண்ணிவிடலாம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "தங்கமான பிள்ளை, ஒரு தொந்தரவு இல்லை" என்று சொல்லிப் போனார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். பதினைந்தாம் நாள் தராசில் போட்டுப் பார்த்தபோது அந்தத் தங்கம் பிறந்த எடையைவிட 130 கிராம் குறைந்திருந்தது.

2022 நவம்பர். விடாத கார்த்திகை மழை. எனக்கு எட்டாம் மாதத்திலிருந்தே இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது, வயிற்றுக்குள் இனி வளராது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். 37 வாரம் முடிந்ததும் வலி வரவழைத்துப் பிரசவம். பெண் குழந்தை, 1,920 கிராம். பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 18 குழந்தைகள் அப்படித்தான் பிறக்கின்றன என்று தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதனால் யாரும் பெரிதாகப் பதறவில்லை. "சின்னதாகப் பிறந்தால் என்ன, பால் குடித்தால் தேறிவிடும்" என்றார் டாக்டர். சரியான பேச்சுதான். பால் குடித்தால் என்ற அந்த 'ஆல்' எவ்வளவு பெரியது என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

பிரசவம் நடந்த மருத்துவமனையில் முதல் இரவே என்னைக் கேட்காமல் புட்டியில் மூன்று முறை மாவுப்பால் கொடுத்துவிட்டார்கள். தாய்க்குப் பால் ஊறவில்லை என்பது காரணம். முதல் இரண்டு நாட்கள் சீம்பால்தான் வரும், அதுவும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏற்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான் என்பதை எனக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தெரியாததால் நன்றி சொன்னேன். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை 1,800.

இந்தக் குறைவு வழக்கமானது. பிறந்த முதல் சில நாட்களில் எந்தக் குழந்தையும் கொஞ்சம் எடை இழக்கும். பத்து சதவீதம் வரை போகலாம். பிறகு பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். சிறிய குழந்தைகளுக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதலாக ஆகலாம். நாங்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தோம். "குறையும், பயப்படாதீர்கள்" என்பது காதில் விழுந்தது. எந்த நாளுக்குள் ஏற வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. நானோ கூட்டுறவு சங்கத்தில் பேரேடு எழுதுகிறவள். வரவுக்குத் தவணை கேட்காமல் வந்தவள் என்று இவர் இன்றுவரை கேலி செய்கிறார்.

அம்மா வீட்டில் நாட்கள் நிம்மதியாகப் போயின. அதுதான் பிரச்சினை. பாப்பா தூங்கிக்கொண்டே இருந்தாள். மூன்றரை மணி நேரம், நான்கு மணி நேரம். எழுந்தால் எடுத்து வைத்துக்கொள்வேன், நான்கு இழுப்பு இழுப்பாள், கண் செருகிவிடும். இந்தப் பக்கம் ஐந்து நிமிடம், அந்தப் பக்கம் ஐந்து நிமிடம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பக்கம் மாற்றிக்கொண்டிருந்தேன். "தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே ஆத்தா, தூக்கத்தில்தான் பிள்ளை வளரும்" என்பது அப்பத்தாவின் கட்டளை. எட்டுப் பிள்ளை பெற்றவள் சொல்கிறாள், நான் எதைச் சொல்லி மறுப்பது?

ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்தார். தொங்கும் தராசில் இரண்டு முறையும் முள் 1.8 அருகில்தான் நின்றது. முதல் முறை பரவாயில்லை என்றவர், இரண்டாம் முறை குனிந்து குழந்தையின் தொடையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தோல் மடிந்து நின்றது. "ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறாள்?" என்று கேட்டார். மூன்று, நான்கு என்றேன். ஒரு வாரம் ஆன குழந்தை ஆறு முறைக்குக் குறையாமல் துணியை நனைக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். "மழை என்று பார்க்காதே தாயி, நாளைக்கே போ" என்றார் அந்த நர்ஸம்மா. அவர் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டு அப்பத்தாவும் வாய் திறக்கவில்லை.

அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் டிஜிட்டல் தராசு 1,790 என்று காட்டியது. நேராகப் பால் விஷயத்துக்கு வந்துவிடவில்லை அவர்கள். முதலில் மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்த்தார்கள். காமாலை இருந்தால் குழந்தை மந்தமாகி உறிஞ்சாது, உறிஞ்சாததால் காமாலை இன்னும் ஏறும். இரத்தத்தில் சர்க்கரை, சிறுநீரில் தொற்று, தைராய்டு, இதயத்தில் இரைச்சல், நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் "இப்போது நீங்கள் பால் கொடுங்கள், நாங்கள் பார்க்கிறோம்" என்றார்கள். எடை ஏறாத குழந்தை என்றதும் தாயின் பாலைத்தான் ஊரே குறை சொல்லும். வேறு காரணம் இல்லை என்று பார்த்துவிட்ட பிறகே பால் பக்கம் வந்த அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

நான் கொடுத்தேன். அங்கிருந்த மூத்த நர்ஸ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் முழங்கால் அருகில் உட்கார்ந்து, குழந்தையின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்துக் கேட்டார்:

"எத்தனை முறை விழுங்கினாள்?"

"பத்து நிமிடம் குடித்தாள் அக்கா."

"அதைக் கேட்கவில்லை. வாயில் வைத்திருந்தது பத்து நிமிடம். விழுங்கியது ஆறோ ஏழோ முறை. நிமிடத்தை எண்ணாதே, விழுங்குவதை எண்ணு."

என் பாலூட்டும் படிப்பு அந்த முக்காலியில்தான் தொடங்கியது. குழந்தை உறிஞ்சும்போது தாடை வேகமாக ஆடும். பால் வாயில் நிறைந்ததும் தாடை கீழே இறங்கி ஒரு கணம் நிற்கும், பிறகு மெல்லிய விழுங்கல் சத்தம் கேட்கும். அந்த ஒரு கண நிறுத்தம்தான் பால். அது இல்லாமல் படபடவென்று மேலோட்டமாகச் சப்பிக்கொண்டிருந்தால் அது குழந்தைக்கு ஆறுதல், ஆகாரம் ஆகாது. சிறிய குழந்தைக்கோ அந்தச் சப்பலும் செலவுதான். ஒரு மணி நேரம் மார்பிலேயே கிடந்து பாதி வயிறு குடிக்கும் குழந்தை, குடித்ததில் ஒரு பங்கை அந்த உழைப்பிலேயே எரித்துவிடுகிறது.

அடுத்து, பிடி. பாப்பா வெறும் காம்பைத்தான் கவ்விக்கொண்டிருந்தாள். பால் குடித்து முடித்து அவள் வாயிலிருந்து வெளிவந்த காம்பு சீவிய பென்சில் போல ஒருபக்கம் சரிந்திருந்தது. எனக்கு உயிர் போகிற வலி. வலிப்பதுதான் தாய்மை என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அக்கா என் இடுப்புக்குப் பக்கத்தில் தலையணையை வைத்து, குழந்தையின் உடலை என் அக்குளுக்குள் செருகி, கால்கள் முதுகுப் பக்கம் போகும்படி படுக்க வைத்தார். என் உள்ளங்கை அவள் தோளையும் கழுத்தையும் தாங்கியது. தலையின் பின்பக்கத்தை அழுத்தக் கூடாது, அழுத்தினால் குழந்தை திமிறிப் பின்னால் போகும். காம்பு அவள் மூக்குக்கு நேராக இருக்க வேண்டும், வாய்க்கு நேராக அல்ல. மேலுதட்டில் உரசினால் வாயை ஆவென்று திறப்பாள். அந்த நொடியில் மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல் குழந்தையை மார்பிடம் கொண்டுவர வேண்டும். கன்னம் குழி விழாமல் உப்பியிருக்க, கீழுதடு வெளியே மடிந்திருக்க, தாடை மார்பில் புதைந்திருக்க, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தெரிந்தால் பிடி சரி. நான்காவது முயற்சியில் வலி சட்டென்று நின்றது. வலி இல்லாமல் பால் கொடுக்க முடியும் என்பதே எனக்குச் செய்தியாக இருந்தது.

அவள் தூங்கப் போகும்போது செய்ய வேண்டியதையும் காட்டினார். நான் காலைச் சுண்டப் போனேன், கையைத் தட்டிவிட்டார். "சுண்டினால் அழுவாள், அழுது களைத்துத் திரும்பத் தூங்குவாள். துணியை அவிழ்." போர்வையை விலக்கி, முதுகை மேலும் கீழுமாகத் தடவி, உட்கார வைத்து ஏப்பம் விட வைத்தால் பெரும்பாலும் கண் திறந்துவிடுவாள். மார்பில் இருக்கும்போதே உறிஞ்சல் தளர்ந்தால் என் கையால் மார்பை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பால் தானாக வாயில் இறங்கும், விழுங்கித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் நன்றாகத் தளரும்வரை கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். பால் குறையக் குறையத்தான் கொழுப்பு கூடிய பால் வரும். ஐந்து நிமிடக் கணக்கில் பக்கம் மாற்றி மாற்றி நான் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் ரசத்தின் தெளிவு, அடியில் இருந்த பருப்பை விட்டுவிட்டேன்.

டாக்டர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த வயதில் கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 160 மில்லி பால் வேண்டும். 1.8 கிலோவுக்கு ஏறக்குறைய 290 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பன்னிரண்டு வேளை. வேளைக்கு 24 மில்லி. கணக்கு என்றதும் எனக்கு உயிர் வந்தது. நான் அதுவரை கொடுத்தது ஏழு வேளைக்கு மேல் இருக்காது. முதல் இரண்டு நாட்கள் அரசு மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கியிலிருந்து வந்த பாலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்குப் போக மிஞ்சியதைத் தானம் செய்த பால். பரிசோதித்து, 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் பதப்படுத்தித்தான் தருகிறார்கள். 1989இல் மும்பையில் தொடங்கிய ஏற்பாடு இன்று நம் ஊர்வரை வந்திருக்கிறது. வங்கியில் பால் இல்லாவிட்டால் மாவுப்பாலைப் பாலாடை என்ற சிறு கிண்ணத்தில் கொடுத்திருப்பார்கள். நானும் சம்மதித்திருப்பேன். முதல் மருத்துவமனை மீது எனக்கு இருந்த கோபம் மாவுப்பால் மீது அல்ல, என்னைக் கேட்காமல் புட்டியை வைத்ததன் மீது.

புட்டிக்குப் பதில் பாலாடை. நம் ஊரில் சங்கு என்றும் சொல்வோம், பாட்டி காலத்து மூக்கு வைத்த சிறிய கிண்ணம். மருத்துவ நூல்களில் ஆங்கிலத்திலும் அதற்குப் பாலாடை என்றே பெயர் என்று டாக்டர் சொன்னபோது கொஞ்சம் கர்வமாக இருந்தது. குழந்தையைச் சற்று நிமிர்த்தி வைத்து, கிண்ணத்தின் மூக்கை உதட்டின் ஓரத்தில் வைத்து, சொட்டுச் சொட்டாக, அவள் விழுங்க விழுங்கத்தான் சாய்க்க வேண்டும். படுக்க வைத்து மடமடவென்று ஊற்றுவது நம் பழைய பழக்கம். அது மூச்சுக்குழாயில் போய்விடும், கூடவே கூடாது. உறிஞ்சாமலே குடிப்பதால் குழந்தைக்குச் செலவு குறைவு, கொதிநீரில் போட்டு எடுப்பதும் சுலபம், புட்டியின் ரப்பருக்குப் பழகி மார்பை மறுக்கும் தொல்லையும் இல்லை.

ஆனால் பாலாடையில் ஊற்றப் பால் வேண்டுமே. முதல் முறை கையால் பீய்ச்சியபோது வந்தது ஐந்து மில்லி. அரை மணி நேர உழைப்பு. டம்ளரின் அடியைக்கூட மறைக்கவில்லை. அழுதுவிட்டேன். "மாட்டுக்கும் கன்று முட்ட முட்டத்தான் சுரக்கும், நீ மட்டும் எப்படி?" என்றார் நர்ஸ் அக்கா. எடுக்க எடுக்க ஊறும், தேங்கினால் சுரப்பு அடங்கும். கட்டைவிரலைக் கருவட்டத்தின் மேல் விளிம்பிலும் ஆள்காட்டி விரலைக் கீழ் விளிம்பிலும் வைத்து, முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலில் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் மிச்சம். இவர் ஆசையாக வாங்கி வந்த கைப்பம்பு எனக்குச் சரிப்படவில்லை, கைதான் உதவியது. குழந்தை பக்கத்தில் இருந்தால் பால் சுலபமாக இறங்கியது, மாமியார் பக்கத்தில் இருந்தால் இறங்கவில்லை. (அத்தை இதைப் படித்தால் சிரிப்பார். அப்போது சிரித்திருக்க மாட்டார்.) விடியற்காலை நான்கு மணிக்குத்தான் அதிகம் வரும். மூன்றாம் நாள் ஒரு வேளைக்கு 20 மில்லி, ஒரு வாரத்தில் 40. எடுத்த பாலை மூடி வைத்து வெளியில் நான்கு மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் என்பது எங்களுக்குச் சொன்ன கணக்கு. அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துக் குளிரைப் போக்கினால் போதும்.

இதோடு கங்காரு முறை. குழந்தைக்குக் குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும் போட்டு, என் நெஞ்சின் நடுவில் தோலோடு தோலாக நிமிர்த்தி வைத்து, மேலே என் சேலையால் சுற்றிக் கட்டிவிட்டார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் போதாமல் போனபோது எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கியது இது. நான் பிரசவித்த அதே 2022 நவம்பரில்தான், எடை குறைந்த குழந்தையைப் பிறந்தவுடனேயே இப்படி வைக்க வேண்டும், நாளைக்கு எட்டு மணி நேரம் முதல் முடிந்தால் இருபத்துநான்கு மணி நேரம்வரை வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கேட்க அதிசயமாக இருந்தாலும் காரணம் எளிது. தோலுக்கடியில் கொழுப்பில்லாத குழந்தை குளிரில் தன் சூட்டைக் காக்கவே குடித்த பாலை எரித்துவிடும். நம் உடம்புச் சூட்டை இரவல் கொடுத்தால் அந்தப் பால் சதையாகும். கார்த்திகைக் குளிரில் அவளைத் தனிப் பாயில் படுக்க வைத்துவிட்டு நான் பாலைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னொரு பலனும் கண்டேன். நெஞ்சில் கிடக்கும்போது அவள் பசித்தால் அழாமல் வேறு ஏதோ செய்தாள். உதட்டைச் சப்புவாள், தலையை இரண்டு பக்கமும் திருப்பித் தேடுவாள், கையை வாய்க்குக் கொண்டுபோவாள். பாயில் கிடந்தபோதும் இதையெல்லாம் செய்திருப்பாள். பார்க்கத்தான் ஆளில்லை.

மூன்று நாள் கழித்து 1,850 கிராமோடு வீட்டுக்கு வந்தோம். உண்மையான வேலை வீட்டில்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பு, மார்பில் கொடு, பாலாடையில் 10 அல்லது 15 மில்லி கொடு, அடுத்த வேளைக்குப் பீய்ச்சு, பாத்திரத்தைக் கொதிக்க வை. ஒரு சுற்று முடியும்போது அடுத்த சுற்றுக்கு ஐம்பது நிமிடம் இருக்கும். தனியாக ஒருத்தி இதைச் செய்தால் நான்காம் நாள் படுத்துவிடுவாள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் பங்கு பிரித்துக்கொண்டோம். மார்பில் கொடுப்பதும் பீய்ச்சுவதும் நான். பாலாடை அம்மா. இரவு பதினொரு மணி வேளைக்குப் பாலாடையும், பிறகு இரண்டு மணி நேரம் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் குழந்தையோடு சாய்ந்திருப்பதும் இவர். ஆண் பிள்ளை நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தெருவில் இரண்டு பேர் காரணம் கண்டுபிடித்து வந்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். நேரம், மார்பில் நன்றாக விழுங்கினாளா, பாலாடையில் எவ்வளவு, சிறுநீர், மலம். முதல் பக்கத்தில் 'பால் கணக்கு' என்று தலைப்பு. டாக்டர் அந்த நோட்டைப் புரட்டித்தான் பாலாடை அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்தார்.

தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு வந்த இரண்டாம் நாளே என் தம்பி கடைத்தெருவில் இருந்து மளிகைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்துவிட்டான். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எடை போட்டேன். காலையில் 30 கிராம் ஏறினால் உலகமே என் காலடியில். மாலையில் 20 குறைந்தால் சோறு இறங்காது. மலம் கழித்தாலே 20 கிராம் குறையும் என்பது கணக்கு எழுதுகிறவளுக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் டாக்டர் கேட்டு, தராசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஒரே தராசு, துணியில்லாமல், ஏறக்குறைய ஒரே நேரத்தில், வாரம் ஒரு முறை அல்லது அவர் சொன்னால் இரு முறை. வாரத்து ஏற்றத்தை ஏழால் வகுத்து நாளைக்கு 20 முதல் 30 கிராம் வந்தால் போதும். 22ஆம் நாள் 1,935. பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். 29ஆம் நாள் 2,120.

அதற்குப் பிறகு கர்வம். முப்பதாம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் வைத்தோம். சொந்தபந்தம் அறுபது பேர். குழந்தை கை மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தது. பட்டுச் சட்டையில் அழகாகத் தூங்கினாள். நானும் பட்டுச்சேலையில் சபைக்கு நடுவில் எழுந்து போய் மார்பைத் திறக்கக் கூச்சப்பட்டு இரண்டு வேளையை விட்டேன். விருந்தாளிகள் மூன்று நாள் தங்கினார்கள், பீய்ச்சுவதும் விட்டுப்போனது. அந்த வாரம் ஏறியது 50 கிராம். நாளைக்கு ஏழு கிராம். டாக்டர் திட்டவில்லை. நோட்டில் காலியாக இருந்த கட்டங்களின் மேல் பேனாவை ஓட்டிக்கொண்டே போனார், அவ்வளவுதான். மறுபடியும் ஒரு வாரம் பழைய கண்டிப்பு. 42ஆம் நாள் தடுப்பூசிக்குப் போனபோது 2,330. பெயர் சூட்டுவதை மூன்று மாதம் கழித்து வைத்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

அறிவுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. தேன் தொட்டு வை என்றார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் நரம்பைத் தாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். வசம்பும் ஜாதிக்காயும் இழைத்த உரை மருந்து, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன்: "அந்த இடத்தில் பால் போகட்டும் அத்தை." 24 மில்லி வயிற்றில் 5 மில்லி தண்ணீர் போனால் 5 மில்லி பால் குறைகிறது. இந்தக் கணக்கை யாராலும் மறுக்க முடியவில்லை. தெருவில் கழுதையோடு வந்து ஒரு சங்கு பால் கறந்து விற்கிறவரையும் அப்பத்தா கூப்பிட்டு நிறுத்திவிட்டாள். அவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் இருபது ரூபாய் கொடுத்து அனுப்பினோம், பால் வாங்கவில்லை. குளிப்பாட்டும் ஆயாவிடம்தான் கடினமாகப் பேச வேண்டியிருந்தது. காலில் போட்டு வெந்நீர் ஊற்றி, மூக்கில் ஊதி, சாம்பிராணிப் புகை காட்டுவது அவருடைய பிழைப்பு. இரண்டரை கிலோ ஆகும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெதுவாகத் தேங்காய் எண்ணெய் தடவுவதை மட்டும் அனுமதித்தார். ஆயாவுக்கும் அந்த வேலையைக் கொடுத்துச் சமாதானம் ஆனோம்.

என் சாப்பாடும் சிறு போராட்டம்தான். பத்தியம் என்று இரண்டு இட்லி, பூண்டுக் குழம்பு, கருவாடு, அளந்து ஊற்றிய வெந்நீர். பூண்டும் பால்சுறாப் புட்டும் பாலைப் பெருக்கும் என்று அம்மா நம்பினாள். எனக்கும் சுவை பிடித்திருந்ததால் மறுக்கவில்லை. ஆனால் பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. ஏறக்குறைய இன்னொரு வேளைச் சாப்பாடு. இரண்டு இட்லியில் அது எப்படி வரும்? தண்ணீர்ச் செம்பை நானே பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முட்டை, கீரை, பருப்பு, பசித்தபோதெல்லாம் சோறு. பால் பெருகியது சாப்பாட்டால் என்று சொல்ல மாட்டேன், அது எடுக்க எடுக்கப் பெருகியதுதான். ஆனால் இரவு நான்காவது சுற்றுக்கு எழுந்து உட்காரத் தெம்பு வந்தது சோற்றால்தான்.

பாலாடை அளவு 15இலிருந்து 10, பிறகு இரவில் மட்டும், ஏழாம் வாரத்தில் நின்றது. அவளாகவே நன்றாக விழுங்கத் தொடங்கியிருந்தாள். நான் அலாரத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஐம்பத்தோராம் நாள் இரவு இரண்டு நாற்பதுக்கு ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். பூனை என்று நினைத்து விளக்கைப் போட்டேன். பாப்பாதான். முகம் சிவந்து, முஷ்டியை மடக்கிக்கொண்டு, வீடே எழும்படி அழுதாள். அம்மா ஓடி வந்து "என்ன, என்ன?" என்றாள். "பசிக்கிறதாம்" என்றேன். அலாரம் அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

எடை குறைந்த குழந்தை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டால் முதலில் கேட்கச் சொல்வது, பிறந்த எடைக்கு எந்த நாளுக்குள் திரும்ப வேண்டும், அடுத்த எடை எப்போது என்பதைத்தான். தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அது நடக்கும்வரை குழந்தை கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எங்கள் டாக்டர் தாய் சேய் நல அட்டையின் பின்னால் சில வரிகள் எழுதிக் கொடுத்திருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். எழுப்பியும் பால் குடிக்க மறுத்தால், தொட்டால் வயிறும் பாதமும் சில்லென்று இருந்தால் அல்லது காய்ச்சல் அடித்தால், மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் அல்லது மூச்சுவிடும்போது நெஞ்சு உள்ளே குழிந்தால், உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் படர்ந்தால், வலிப்பு வந்தால், பாலாடையையும் நோட்டையும் அப்படியே வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இப்படிப் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதாத ஒரு விஷயமும் உண்டு. வைட்டமின் டி சொட்டும், டாக்டர் சொன்ன வாரத்திலிருந்து இரும்புச் சத்து சொட்டும். இரும்புச் சொட்டு எங்கள் எல்லா வெள்ளைத் துணியையும் பாழாக்கியது.

வளர்ச்சி அட்டையில் அவள் புள்ளிகள் வெகுநாள், சரியான எடையைக் காட்டும் பச்சைப் பட்டைக்குக் கீழேதான் கிடந்தன. மூன்று மாதத்தில் 3,800. பக்கத்து வீட்டுப் பையன் அப்போது ஆறு கிலோ. ஒப்பிடாதே என்றால் கேட்கிற மனமா இது. "பட்டையைத் தொட்டாளா என்று பார்க்காதீர்கள், புள்ளிகள் மேலே ஏறுகின்றனவா என்று பாருங்கள்" என்றார் டாக்டர். ஆறாம் மாதம் 5.7 கிலோ, பச்சையின் விளிம்பைத் தொட்டாள். அந்த மாதமே நான் வேலைக்குத் திரும்பினேன். காலையில் பீய்ச்சிய பால், பிறகு கூழ், அம்மாவின் பாலாடை. ஒரு முறை அவளோடு பயணம் போனபோது பஸ் நிலையத்துப் பாலூட்டும் அறையில் உட்கார்ந்தேன். 2015இல் நம் மாநிலத்துப் பஸ் நிலையங்களில் திறந்தார்களே, அது. உள்ளே இன்னொரு பெண், மடியில் மிகச் சிறிய குழந்தை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது அவளுக்கு மூன்று வயது. ஒரு தோசையை முக்கால் மணி நேரம் சாப்பிடுகிறாள். பாலாடையைச் சித்தப்பா மகள் பிரசவத்துக்குக் கொடுத்தோம், திரும்பி வரவில்லை. நோட்டில் பதினொரு பக்கம் மிச்சம் இருந்தது. தூக்கிப் போட மனமில்லை. முதல் பக்கத்துத் தலைப்பு பொருத்தமாகவே இருப்பதால் அம்மா அதில் பால்காரருடைய கணக்கை எழுதுகிறாள்.